ஒரே ஒரு புள்ளி!

எட்டயபுரம் பக்கம் போய் விளையாட்டு என்று பேச்செடுத்துப் பாருங்கள்... ஹாக்கியில்தான் வந்து நிற்கும். பக்கத்து ஊர் கோவில்பட்டியின் உபயம்! கால்பந்தில் நம்ம தமிழ்நாட்டு அணி ஒன்று இந்தியாவையே ஜெயித்தது என்றால் சட்டென்று நம்ப மாட்டார்கள். (சென்னையிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது என்பது வேறு விஷயம்!)

சென்னை சிட்டி எஃப்.சி. - பெயரில்தான் சென்னை, ஆடியது கோவையில். 2017-18 ஐ-லீக்கில் பத்து அணிகளில் எட்டாவது இடம். அடுத்த பருவத்துக்குப் பயிற்சியாளராக வந்தார் சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ். கூடவே, ஸ்பெயினிலிருந்து நான்கு ஆட்டக்காரர்கள். அதில் பெட்ரோ மான்ஸி முதல் மேட்ச்சிலேயே மூன்று கோல் அடித்தார்!

2019 மார்ச் 9, கடைசி நாள். ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளிதான் முன்னிலை. கோவை நேரு ஸ்டேடியத்தில் எதிரே நிற்பது முந்தைய சாம்பியன் மினர்வா பஞ்சாப். மூன்றாவது நிமிடமே கோல் வாங்கியாயிற்று! இடைவேளைக்குப் பிறகு மான்ஸி பெனால்டியில் சமன் செய்தார். அது போதாதே? அதே நேரம் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்துவிட்டது; இங்கே டிரா என்றால் கோப்பை கொல்கத்தாவுக்கு! காப்பாற்றியவர், கோல் போடுவது தன் வேலையே இல்லாத தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா. இரண்டு கோல். 3-1. புள்ளிகள் 43-க்கு 42.

அதே அக்டோபரில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஐ.எஸ்.எல்.லை இந்தியாவின் முதல் லீகாக ஏற்றுக்கொண்டது. ஐ-லீக் ஒரு படி கீழே இறங்கியது. 2020-21 பருவத்தோடு ஐ-லீக் பட்டியலில் சென்னை சிட்டியின் பெயரும் நின்றுபோனது.