கொடைக்கானலைப் பார்த்து நின்ற ஆன்டெனா

கேபிள் வருவதற்கு முன்னால் போத்தனூர் ஓட்டுவீடுகளின் ஆன்டெனாக்கள் தென்கிழக்கே திரும்பி நின்றன. அந்தப் பக்கம், நேர்கோட்டில் சுமார் 100 கிலோமீட்டரில், கொடைக்கானல் டிவி நிலையம். காத்தடிச்சா குழாய் திரும்பிக்கும். மேலே ஏறியவர் "தெரியுதுங்களா?" என்பார், "இன்னுங் கொஞ்சம் திருப்புங்க" என்று கீழேயிருந்து பதில் போகும். புள்ளி புள்ளியாகவாவது படம் வந்துவிடும். அது அனலாக். டிஜிட்டலில் சிக்னல் ஓரளவுக்குக் கீழே போனால் படம் உறையும், அப்புறம் ஒண்ணுமே இருக்காது.

'இலவச டிஜிட்டல் சேனல்' என்று இணையத்தில் ஆன்டெனா வாங்கிய நண்பர் ஒருத்தர், "ஏனுங்க, எப்படித் திருப்புனாலும் வரலைங்க" என்றார். ஆன்டெனா மேல பழி போடாதீங்க. 2016ல் தூர்தர்ஷன் 16 நகரங்களில் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பைத் தொடங்கியபோது தமிழ்நாட்டில் சென்னைக்கு மட்டும்தான் இடம். பழைய அனலாக் டிரான்ஸ்மிட்டர்களையும், சுமார் 50 இடங்கள் நீங்கலாக, 2022 மார்ச்சுக்குள் நிறுத்த பிரசார் பாரதி முடிவெடுத்தது. அலையே இல்லாத ஊரில் பூஸ்டர் எதைப் பெருக்கும்?

மாசக் கட்டணமில்லாமல் பார்க்க இங்கே மிச்சமிருப்பது டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பேரில் வந்ததுதான். அதன் தட்டு, கொடைக்கானல் திசையிலிருந்து இன்னுங் கொஞ்சம் கிழக்கே திரும்பி, ஜிசாட்-15ஐப் பார்க்கணும். அந்தப் பக்கம் தென்னை மறைக்காம இருந்தாச் சரி.