பழைய பிரிண்டர், புதிய கம்ப்யூட்டர்: அடாப்டர் வாங்கும் முன் அறிய வேண்டியவை

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்து வந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியுடன் முடிந்துவிட்டது. பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் விண்டோஸ் 11-ஐ நிறுவ முடியாது. இதனால் பல வீடுகளிலும் கடைகளிலும் புதிய கம்ப்யூட்டர் வாங்கும் கட்டாயம் ஏற்பட்டிருக்கிறது.

கோவை உக்கடம், கோட்டைமேடு, கரும்புக்கடை வட்டாரத்தில் மளிகை, ஜவுளி, ஜெராக்ஸ், டிடிபி என்று சிறு தொழில் நடத்துவோருக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், எடை மெஷின், மானிட்டர், கீபோர்டு எல்லாம் நல்ல நிலையிலேயே இருக்கும். புதிய லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் அவற்றைச் செருக இடம் இருக்காது. "ஒரு அடாப்டர் போட்டால் சரியாகிவிடும்" என்பார்கள். பல நேரங்களில் அது உண்மைதான். சில நேரங்களில் சில நூறு ரூபாய் வீணாகும். வேறு சில நேரங்களில் நல்ல பொருளைத் தேவையில்லாமல் தூக்கிப்போட வேண்டிவரும். எது எப்போது என்பதைத் தெரிந்துகொண்டால் இரண்டு நஷ்டத்தையும் தவிர்க்கலாம்.

மூன்று வகைத் தடைகள்

பழைய கருவிக்கும் புதிய கம்ப்யூட்டருக்கும் இடையில் மூன்று வகைத் தடைகள் வரலாம்.

முதலாவது, வடிவம். செருகும் முனை மட்டும் வேறு. உள்ளே ஓடும் சிக்னல் ஒன்றுதான். பழைய யுஎஸ்பி பென் டிரைவை டைப்-சி துளையில் பொருத்துவது இந்த வகை. சிறிய, விலை குறைந்த அடாப்டரே போதும்.

இரண்டாவது, சிக்னல். முனையும் வேறு, சிக்னலும் வேறு. இங்கே ஒரு சிப் உள்ளே இருந்து, ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தர வேண்டும். கடையில் இதைக் கன்வெர்ட்டர் என்று கேட்பது நல்லது.

மூன்றாவது, மென்பொருள். கருவியை இயக்கும் டிரைவரோ, நீங்கள் பயன்படுத்தும் பழைய புரோகிராமோ புதிய விண்டோஸில் ஓடாது. இதை எந்த அடாப்டராலும் சரிசெய்ய முடியாது.

பணம் கொடுக்கும் முன் நம் பிரச்சினை இந்த மூன்றில் எது என்று பார்த்துவிட வேண்டும்.

கீபோர்டும் மவுஸும்

வட்டமான முனை கொண்ட பிஎஸ்/2 இணைப்பு, 1987-ல் ஐபிஎம் நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களுடன் வந்தது. டிடிபி செய்வோர் பலர் பல ஆண்டு பழகிய கீபோர்டை விட விரும்புவதில்லை. விட வேண்டியதும் இல்லை.

ஆனால் மவுஸுடன் முன்பு இலவசமாக வந்த பச்சை நிறக் குட்டி அடாப்டர் இதற்கு உதவாது. அது யுஎஸ்பி மவுஸைப் பழைய பிஎஸ்/2 துளையில் செருகுவதற்கானது. உள்ளே வெறும் கம்பிதான் இருக்கும். நமக்குத் தேவை அதற்கு நேர் எதிரானது. ஊதா, பச்சை என்று இரண்டு வட்டத் துளைகளும் ஒரு யுஎஸ்பி முனையும் கொண்ட, உள்ளே சிப் உள்ள கன்வெர்ட்டரைக் கேளுங்கள். ஊதா கீபோர்டுக்கு, பச்சை மவுஸுக்கு. முதலில் கீபோர்டைக் கன்வெர்ட்டரில் செருகிவிட்டு, பிறகு யுஎஸ்பி முனையைக் கம்ப்யூட்டரில் செருகுங்கள்.

மானிட்டர், புரொஜெக்டர்

நீல நிற, 15 பின் கொண்ட விஜிஏ இணைப்பும் 1987-ல் வந்ததுதான். அது அனலாக் சிக்னல். இன்றைய லேப்டாப்பில் இருக்கும் ஹெச்டிஎம்ஐ டிஜிட்டல் சிக்னல். ஆகவே இடையில் சிப் உள்ள கன்வெர்ட்டர் தேவை.

இதில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, கன்வெர்ட்டர் ஒருவழிப் பாதை. ஹெச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வுக்கு மாற்றுவதை, பழைய கம்ப்யூட்டரைப் புதிய டிவியில் இணைக்கப் பயன்படுத்த முடியாது. இரண்டு, விஜிஏ கேபிளில் ஒலி போகாது. மதரஸாவிலோ பள்ளியிலோ புரொஜெக்டருக்காக வாங்கினால், ஸ்பீக்கர் செருகும் துளையும் உள்ள கன்வெர்ட்டராகப் பார்த்து வாங்குங்கள். மூன்று, காப்புரிமைப் பாதுகாப்புள்ள சில வீடியோக்கள் இந்த வழியில் தெரியாமல் போகலாம். அது கன்வெர்ட்டரின் பழுது அல்ல.

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்

கார்பன் வைத்து ஒரே அடியில் இரண்டு மூன்று நகல் எடுக்க இதற்கு இணை இல்லை. ரிப்பன் செலவும் குறைவு. பழைய மாடல்களில் 36 பின் கொண்ட பேரலல் துளை மட்டும் இருக்கும். அதற்கு யுஎஸ்பி-பேரலல் கேபிள் கிடைக்கிறது. ஆனால் இங்கேதான் பலர் குழம்புகிறார்கள்.

பழைய பில்லிங் புரோகிராம்கள் பிரிண்டரை எல்பிடி1 என்ற பெயரில் தேடும். இந்தக் கேபிளைச் செருகினால் விண்டோஸ் எல்பிடி1-ஐ உருவாக்காது. யுஎஸ்பி001 என்பது போன்ற பெயரைத்தான் தரும். நோட்பேடிலிருந்து பிரிண்ட் வரும், பில் மட்டும் வராது. இதற்கு வழி உண்டு. பிரிண்டரை அதே கம்ப்யூட்டரில் ஷேர் செய்து, 'நெட் யூஸ்' என்ற கட்டளை மூலம் எல்பிடி1 என்ற பெயரை அந்த ஷேருடன் இணைத்துவிடலாம். விவரம் தெரிந்த சர்வீஸ்காரருக்கு இது சில நிமிட வேலை.

டிரைவர் விஷயத்தில், பெரும்பாலான டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்கள் எப்சன் கட்டளைகளைப் புரிந்துகொள்ளும். உங்கள் மாடலுக்குத் தனி டிரைவர் இல்லாவிட்டால், அதற்குப் பொருந்தும் எப்சன் டிரைவரை முயன்று பார்க்கலாம். விண்டோஸில் 'ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி' என்ற டிரைவரும் உண்டு. அது பிரிண்டருக்குள்ளேயே இருக்கும் எழுத்துகளை மட்டும் அச்சிடும். ஆங்கில பில்லுக்குப் போதும். தமிழில் பெயரோ முகவரியோ அச்சிட அது உதவாது.

பேரலல் துளையில் செருகும் பூட்டு வைத்துதான் உங்கள் பழைய மென்பொருள் திறக்கும் என்றால், யுஎஸ்பி-பேரலல் கேபிளில் அந்தப் பூட்டு வேலை செய்யாது. லேப்டாப்புக்குப் பதில் டெஸ்க்டாப் வாங்கி, அதில் பேரலல் போர்ட் கார்டு பொருத்திப் பார்ப்பதே அங்கே உள்ள வழி.

எடை மெஷினும் பட்டறை மெஷினும்

எலக்ட்ரானிக் எடை மெஷின், பழைய பார்கோடு ஸ்கேனர், குறிச்சி சிட்கோ போன்ற தொழிற்பேட்டைகளின் பட்டறைகளில் ஓடும் பழைய சிஎன்சி மெஷின் ஆகியவற்றில் 9 அல்லது 25 பின் கொண்ட சீரியல் துளை இருக்கும். ஆர்எஸ்-232 என்ற இந்தத் தரம் 1960-லிருந்து இருந்து வருகிறது. இதற்கு யுஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டர் வேண்டும்.

இந்தக் கன்வெர்ட்டரின் தரம் உள்ளே இருக்கும் சிப்பைப் பொறுத்தது. எஃப்டிடிஐ, புரொலிஃபிக் ஆகிய நிறுவனங்களின் சிப்புகளுக்குப் போலிகள் ஏராளம். 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த எஃப்டிடிஐ டிரைவர், போலி சிப் உள்ள கன்வெர்ட்டர்களை முடக்கிவிட்டது. விஷயம் தெரியாமல் வாங்கியவர்களே பாதிக்கப்பட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. புரொலிஃபிக்கின் புதிய டிரைவர்களும் போலி சிப்புகளையும், தயாரிப்பு நின்றுபோன பழைய சிப்புகளையும் ஏற்பதில்லை. நேற்று வரை ஓடிய கன்வெர்ட்டர் புதிய கம்ப்யூட்டரில் ஓடாததற்கு இது ஒரு முக்கியக் காரணம். தொழிலுக்குப் பயன்படுத்துவதானால், சற்று விலை கூடினாலும் பில்லுடன் நல்ல பிராண்டாக வாங்குவதே லாபம்.

பழைய கம்ப்யூட்டரை அணைக்கும் முன் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: மென்பொருளில் காட்டும் காம் போர்ட் எண், பாட் ரேட் (9600 போன்ற எண்), அதன் அருகில் உள்ள பாரிட்டி, ஸ்டாப் பிட் விவரங்கள். புதிய கம்ப்யூட்டர் காம்7, காம்12 என்று ஏதாவது எண்ணைத் தரும். பழைய மென்பொருள்கள் சில, காம்1 முதல் காம்4 வரை மட்டுமே ஏற்கும். டிவைஸ் மேனேஜரில் அந்த போர்ட்டின் அட்வான்ஸ்டு அமைப்புக்குள் சென்று எண்ணை மாற்றலாம்.

சீரியல் கேபிளில் நேர் கேபிள், குறுக்குக் கேபிள் என்று இரண்டு உண்டு. பார்க்க ஒன்றுபோல் இருக்கும். உள்ளே கம்பிகள் மாறியிருக்கும். ஆகவே ஏற்கெனவே ஓடிய கேபிளையே தொடர்ந்து பயன்படுத்துங்கள். பட்டறை மெஷினுடன் லேப்டாப்பை இணைக்கும்போது மெஷினை அணைத்துவிட்டுச் செருகுங்கள். எர்த் சரியில்லாத இடத்தில் லேப்டாப்பின் போர்ட் எரிந்துபோக வாய்ப்புண்டு.

பழைய ஹார்டு டிஸ்க்

அடாப்டரின் அருமை அதிகம் தெரிவது இங்கேதான். தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. அப்போது பிள்ளைகள் வாங்கிய லேப்டாப்புகள் பழுதாகிப் பரணில் கிடக்கும் வீடுகள் பல. லேப்டாப் ஓடாவிட்டாலும் உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதில் நிக்காஹ் புகைப்படங்களும், இன்று நம்முடன் இல்லாத பெரியவர்களின் படங்களும் இருக்கலாம்.

லேப்டாப்பில் இருப்பது 2.5 அங்குல டிஸ்க். பெரும்பாலானவை சாட்டா வகை. விலை குறைந்த யுஎஸ்பி கேஸ் ஒன்றில் வைத்தால் போதும். டெஸ்க்டாப்பின் 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் மின்சாரமும் தேவை; யுஎஸ்பி துளை தருவது 5 வோல்ட். எனவே தனி பவர் அடாப்டருடன் வரும் கன்வெர்ட்டரையே வாங்க வேண்டும். அகலமான 40 பின் முனை இருந்தால் அது ஐடிஇ வகை, அதற்குரியதைக் கேளுங்கள்.

இணைத்ததும் 'ஃபார்மேட் செய்யவா?' என்று விண்டோஸ் கேட்டால் ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்ற சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிட்டு, தகவல் மீட்பு தெரிந்தவரிடம் கொடுங்கள். மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்ப்பதுதான் மிஞ்சியதையும் அழித்துவிடும். எடுத்த படங்களை இரண்டு வேறு இடங்களில் சேமித்து வையுங்கள்.

வீடியோ கேசட்

வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த ஹேண்டிகேமில் எடுத்த மினி டிவி கேசட்டுகள் பல வீடுகளில் உண்டு. அந்தக் கேமராவில் உள்ள ஃபயர்வயர் (சோனி கேமராவில் ஐ-லிங்க் என்றிருக்கும்) முனையை யுஎஸ்பி-யாக மாற்றுவதாகச் சொல்லி விற்கப்படும் சின்ன அடாப்டர்களை வாங்காதீர்கள். இரண்டும் முற்றிலும் வேறு சிக்னல், வீடியோ வராது. ஃபயர்வயர் கார்டு பொருத்திய டெஸ்க்டாப் ஒன்றில் இணைப்பதே சரியான வழி. அது முடியாவிட்டால், மஞ்சள், சிவப்பு, வெள்ளை கேபிள் வழியாக யுஎஸ்பி வீடியோ கேப்சர் கருவியில் பதிவு செய்யலாம். தரம் சற்றுக் குறையும்; ஆனால் காட்சி கிடைத்துவிடும். விஹெச்எஸ் கேசட்டுக்கும் இதுவே வழி. கேசட் நாடா ஆண்டுக்காண்டு தேய்வதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

டைப்-சி தரும் குழப்பம்

2014-ல் அறிமுகமான டைப்-சி என்பது முனையின் வடிவம் மட்டுமே. ஒரே மாதிரி இருக்கும் இரண்டு டைப்-சி துளைகளில் ஒன்று மானிட்டருக்குப் படம் அனுப்பும், மற்றது அனுப்பாது. 'டிஸ்ப்ளே போர்ட் ஆல்ட் மோடு' உண்டா என்று லேப்டாப்பின் கையேட்டில் பார்த்துவிட்டுத்தான் டைப்-சி-ஹெச்டிஎம்ஐ அடாப்டர் வாங்க வேண்டும். ஒரே ஹப்பில் ஹார்டு டிஸ்க், ஸ்கேனர் என்று பலவற்றைச் செருகினால் மின்சாரம் போதாமல் போகலாம்; தனி மின் இணைப்புள்ள ஹப்பே நல்லது.

அடாப்டரால் ஆகாதவை

விண்டோஸ் 11-ல் 64 பிட் பதிப்பு மட்டுமே உள்ளது. 32 பிட்டுக்காக எழுதப்பட்ட பழைய டிரைவர்கள் அதில் ஓடாது. டாஸ் காலத்து 16 பிட் புரோகிராம்களும் நேரடியாக ஓடாது. ஃபாக்ஸ்புரோவில் எழுதிய பழைய கணக்கு மென்பொருள் வைத்திருப்போர், டாஸ்பாக்ஸ்-எக்ஸ் போன்ற மென்பொருளுக்குள் அதை ஓட்டிப் பார்க்கலாம். டிரைவர் இல்லாத பழைய ஸ்கேனர்கள் பல, லினக்ஸில் வேலை செய்கின்றன.

கம்பெனி இணையதளத்தில் டிரைவர் இல்லை என்பதற்காக, தேடலில் கண்ணில் படும் ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்காதீர்கள். வைரஸ் அந்த வழியாகவும் வரும். எதுவும் சரிவராவிட்டால், அந்த ஒரு வேலைக்கு மட்டும் பழைய கம்ப்யூட்டரை இன்டர்நெட் இணைப்பு இல்லாமல் வைத்துக்கொள்ளலாம்.

கடைக்குப் போகும் முன்

1. கருவியின் பின்பக்கத் துளை, புதிய கம்ப்யூட்டரின் துளைகள் இரண்டையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.
2. கருவியின் மாடல் எண்ணைக் குறித்து, அதற்கு 64 பிட் விண்டோஸ் 11 டிரைவர் உண்டா என்று முதலில் பாருங்கள்.
3. "எதிலிருந்து எதற்கு" என்று திசையைத் தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள்.
4. வேலை செய்யாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டு, பில் வாங்குங்கள்.
5. புதிய கம்ப்யூட்டரில் ஒரு மாதக் கணக்கை முழுதாக முடித்துப் பார்க்கும் வரை பழையதை விற்காதீர்கள்.

அதன் பிறகும் பயன்படாத பொருட்களைப் பழைய இரும்புடன் சேர்த்துப் போட்டுவிடக் கூடாது. பழைய குண்டு மானிட்டரின் கண்ணாடியில் ஈயம் உள்ளது; செம்புக்காக வயரை எரிக்கும் புகை சுற்றியிருப்போர் எல்லோருக்கும் கேடு. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, இவை பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனங்களுக்கே செல்ல வேண்டும். கொடுக்கும் முன் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். கடைக் கணக்கும் குடும்பப் படங்களும் அதில்தான் இருக்கின்றன.