கேட்லாக்கில் காஞ்சிபுரத்தைத் தேடுவது எப்படி?

நம் ஊருக்கு ஆங்கிலத்தில் எத்தனை ஸ்பெல்லிங் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? வெள்ளைக்காரர் காலத்துப் புத்தகங்களில் 'கான்ஜீவரம்'. மாவட்டத்தின் பெயரில் நடுவே இரண்டு 'ஈ'. சாதாரணமாக நாம் எழுதினால் அங்கே ஒரே ஒரு 'ஐ'. அமெரிக்காவின் காங்கிரஸ் நூலக விதிப்படி எழுதினால் 'சி'-க்குப் பின்னால் 'எச்' கூடக் கிடையாது. தமிழில் எழுதினால் காஞ்சிபுரம், அவ்வளவுதான்.

கடையின் போர்டுக்கு இதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை. நூலகக் கணினிக்கு இது பெரிய பிரச்சினை. ஏன் என்று புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சீர்காழியில் 1892-ல் பிறந்து, மாநிலக் கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். நூலகவியல் படிக்க லண்டன் போனவர், அங்கே ஒரு கடையில் மெக்கானோ பொம்மை செட்டைப் பார்த்தார். ஒரே துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டினால் வேறு வேறு பொம்மை! புத்தகங்களின் பொருளையும் இப்படிப் பிரித்துச் சேர்க்கலாமே என்று தோன்றியதுதான், 1933-ல் கோலன் பகுப்புமுறையாக வெளிவந்தது. அடுத்த வருடமே கேட்லாக் எழுதுவதற்கென்று தனி விதிநூல். அதில் அவர் மெனக்கெட்ட விஷயங்களில் ஒன்று, நம் ஆட்களின் பெயர். மேல்நாட்டில் கடைசிச் சொல் குடும்பப் பெயர். நமக்கோ கடைசியில் வருவதுதான் சொந்தப் பெயர், முன்னால் நிற்பவை ஊரும் அப்பாவும். அவருடைய 'எஸ்' சீர்காழி, 'ஆர்' ராமாமிர்தம்.

அந்தக் காலத்து அட்டையில் ஒரு பெரிய சௌகரியம் இருந்தது. தமிழ்ப் புத்தகத்தின் பெயரைத் தமிழிலேயே எழுதலாம். பேனாவுக்கு மொழி பேதம் கிடையாது.

கணினிக்கு இருந்தது. 2000-ல் இன்ஃப்ளிப்நெட் நிறுவனம் பல்கலைக்கழக நூலகங்களுக்காக 'சோல்' என்ற மென்பொருளை வெளியிட்டது. (பெயரைத் தமிழ்ப்படுத்தினால் 'ஆன்மா'. வைத்தவருக்கு ரசனை உண்டு.) யூனிகோடில் தமிழ் 1991-லேயே சேர்ந்துவிட்டாலும், விண்டோஸில் அது எட்டிப் பார்த்தது விண்டோஸ் 2000-ல்தான். அதுவரை ஒவ்வொரு எழுத்துருவும் தனிக்கட்சி. ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் கொசகொசவென்று என்னென்னமோ வரும். டேட்டா என்ட்ரிக்கு உட்கார்ந்தவர் என்ன செய்வார்? தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்தில், தன் காதுக்குக் கேட்டபடி அடித்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2009 ஜனவரியில் சோல் 2.0 வந்தது. யூனிகோடு உண்டு, தமிழில் அடிக்கலாம், தமிழில் தேடலாம். 2021-ல் 3.0-வும் வந்துவிட்டது. அப்புறம் என்ன குறை?

காமர்ஸ் மாணவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். கைக்கணக்கிலிருந்து டேலிக்கு மாறும்போது, பழைய பாக்கியை ஓபனிங் பேலன்ஸாக ஏற்றுகிறோம். அதில் தப்பு இருந்தால் டேலியின் எந்தப் புதுப் பதிப்பும் அதைத் திருத்தாது. தப்பைப் பத்திரமாக அடுத்த வருடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகும். கேட்லாக்கிலும் அதே கதை. புது மென்பொருளுக்குத் தமிழ் தெரியும். ஆனால் உள்ளே இருக்கும் பழைய பதிவு ஆங்கில எழுத்தில் கிடக்கிறது. நாம் தமிழில் அடித்தால் அது எப்படி வரும்?

நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் பற்றி ஒரு ப்ராஜெக்ட்டுக்காக நான் போன ஒரு நூலகத்தில், 'நெசவாளர்' என்று தமிழில் அடித்தேன். பூஜ்யம். ஆங்கில எழுத்தில் மூன்று விதமாக அடித்தேன், மூன்றாவதற்கு ஒரே ஒரு புத்தகம் வந்தது. அங்கிருந்த அட்டெண்டர் அண்ணன் கணினியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய் நாலு புத்தகம் எடுத்துவந்தார். அவர் ரிட்டயர் ஆன பிறகு அந்த நாலும் அலமாரியிலேயே இருக்கும். கேட்பவருக்குத்தான் கிடைக்காது. யாரும் எடுக்காத புத்தகம் கழிவுப் பட்டியலுக்குப் போக எவ்வளவு நாள் ஆகும்?

வழி இல்லாமல் இல்லை. நூலகங்கள் பதிவுகளைப் பரிமாறிக்கொள்ளும் மார்க் 21 வடிவத்தில், 880 என்ற எண்ணில் ஒரு புலம் உண்டு. ஆங்கில எழுத்தில் உள்ள தலைப்புக்குப் பக்கத்திலேயே மூல எழுத்திலும் அதைச் சேர்த்து வைப்பதற்கான இடம் அது. பழைய பதிவை அழிக்கக்கூட வேண்டாம். ஆனால் யாராவது புத்தகத்தைக் கையில் எடுத்து, தலைப்புப் பக்கத்தைப் பார்த்து, தமிழில் அடிக்க வேண்டும்.

ஒரு புத்தகத்துக்கு 5 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 12, தினம் ஆறு மணி நேரம் என்றால் 72. ஒரு நூலகத்தில் 10,000 தமிழ்ப் புத்தகங்கள் இருந்தால், ஓர் ஆளுக்கு 139 வேலைநாள். நாலு மாணவர்கள் உட்கார்ந்தால் 35 நாள்.