அம்பேத்கர், பீ. ரா. (1891–1956): பம்பாய் வாழ்வு

வழக்கறிஞர், பேராசிரியர், சுதந்திர இந்தியாவின் முதல் சட்ட அமைச்சர். அரசியல் சட்ட வரைவுக் குழுத் தலைவராக அறியப்படும் அம்பேத்கரை அரசியல்வாதியாக வார்த்தெடுத்தவை பம்பாயின் தொழிலாளர் பேட்டைகளும் நீதிமன்றங்களும்தான்.

லண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்றுத் திரும்பியவர், 1923-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தொழில் தொடங்கினார். வழக்காடும் உரிமமான சனது பெறக்கூடக் கையில் காசில்லை. பார்சி நண்பர் நவல் பத்தேனா கொடுத்து உதவினார். குடியிருப்பு பரேலில், ஆலைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த பி.ஐ.டி. சால் என்ற அடுக்குக் குடியிருப்பில் இரண்டு சிறு அறைகள். அலுவலகம் தாமோதர் ஹால். வருமானம் போதாததால் வணிகச் சட்ட வகுப்பும் எடுத்தார். கருத்தடை பற்றித் துணிந்து எழுதிய ர. தோ. கார்வேக்காக 1934-இல் வாதாடித் தோற்றார்; அந்த வாதத்தை இன்று படித்தாலும் நியாயம் அம்பேத்கர் பக்கமே தெரிகிறது.

அவருடைய வாழ்க்கையில் சட்டமும் போராட்டமும் ஒன்றாகக் கலந்த இடம் மகாடு. 1927 மார்ச் 20 அன்று, தீண்டப்படாதவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்த அவ்வூர்ச் சவ்தார் குளத்தில் ஆயிரக்கணக்கானோருடன் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். சாதி இந்துக்கள் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள்; அதோடு நில்லாமல், அது தங்கள் சொந்தக் குளம் என்று வழக்கும் போட்டார்கள். தடையாணை வந்ததால் டிசம்பரில் திட்டமிட்டிருந்த சத்தியாகிரகத்தை அம்பேத்கர் நிறுத்திவைத்தார். கூடியிருந்த கூட்டத்தைக் கலைத்துவிட்டு நீதிமன்றப் படியேறுவது லேசான முடிவல்ல. வழக்கு பத்து ஆண்டு இழுத்தது. 1937 மார்ச் 17 அன்று உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது: தீண்டப்படாதவரை விலக்கும் வழக்கம் தொன்றுதொட்டது என்பதை எதிர்த்தரப்பால் நிரூபிக்க முடியவில்லை. தீர்ப்பு வழங்கியவர்களில் ஒருவரான புரூம்ஃபீல்டுதான் 1922-இல் காந்திக்குச் சிறைத்தண்டனை விதித்தவர்.

1936-இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே மாகாணச் சட்டமன்றத்தில் நுழைந்து, கொங்கண் விவசாயிகளைப் பிழிந்த கோத்தி நிலமுறையை ஒழிக்க மசோதா கொண்டுவந்தார்.

தமிழரோடு அவருக்கு நெருங்கிய உறவு உண்டு. லண்டன் வட்டமேசை மாநாட்டில் உடன் அமர்ந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1940 ஜனவரியில் பம்பாய் வந்த பெரியார் அம்பேத்கரைச் சந்தித்துப் பேசினார். தோல் பதனிடும் வேலைக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்குக் குடியேறிய ஆதிதிராவிடர்களுக்கு அவர் பக்கத்துப் பேட்டைத் தலைவர். அவர் கட்டிய ராஜகிருகமும் தமிழர் மிகுந்த மாட்டுங்காவை அடுத்த தாதர் இந்து காலனியில்தான் இருக்கிறது. புத்தகங்களுக்கு இடம் வேண்டும் என்றே கட்டிய வீடு அது.

1952 மக்களவைத் தேர்தலில், சொந்த நகரத்திலேயே, நாராயண் கஜ்ரோல்கரிடம் ஏறத்தாழ 14,500 வாக்குகளில் தோற்றார். 1956 டிசம்பர் 6 அன்று தில்லியில் காலமானார். உடல் ராஜகிருகத்துக்கு வந்து, மறுநாள் தாதர் கடற்கரையில் எரியூட்டப்பட்டது.