சிறுநீரகத்தின் தலையில் ஒரு தொப்பி

கல்பாத்தி என்றால் எல்லோருக்கும் ஐப்பசித் தேர்தான் ஞாபகம் வரும். எனக்கு, பார்க்கிற வேலையின் தோஷமோ என்னவோ, மண்ணார்க்காடு தாண்டி மலையேறினால் வரும் அட்டப்பாடியும் கூடவே வரும். அங்கே இருளர், குறும்பர் குடும்பங்களில் அரிவாள் செல் சோகை தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. (ரத்தப் பரிசோதனைக் கூடத்து ஆசாமி நான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

1849-ல் லண்டன் கய்ஸ் மருத்துவமனை டாக்டர் தாமஸ் அடிசன், காரணம் தெரியாமல் ஆளைக் கொல்லும் ஒரு சோகையைத் துரத்திக்கொண்டிருந்தார். இறந்தவர்களை அறுத்துப் பார்த்தால், சிலருக்குச் சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி கெட்டுப்போயிருந்தது. 1855-ல் 11 நோயாளிகளை வைத்துப் புத்தகமே போட்டார். சோகை வேறு, சுரப்பி நோய் வேறு என்று பிற்பாடு பிரித்தார்கள். ஆனாலும் ரத்தத்துக்கும் அந்தச் சுரப்பிக்கும் உள்ள உறவு முழுசாக அறுந்துவிடவில்லை.

காரணம் அதன் குழாய் அமைப்பு. ஏகப்பட்ட குட்டித் தமனிகள் ரத்தத்தைக் கொண்டுவந்து கொட்டும். வெளியேறப் பெரும்பாலும் ஒரே ஒரு சிரைதான். தேர் நாளில் அக்ரஹாரத் தெருவுக்குள் வந்த கூட்டம் ஒரே சந்து வழியாக வெளியே போகிற கதை! சந்து அடைத்தால் சுரப்பி வீங்கி, ரத்தம் கசிந்து செத்துப்போகும். ரத்தம் உறையும் கோளாறு உள்ளவர்களுக்கு, முக்கியமாக ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய்க்காரர்களுக்கு, இது நடக்கிறது. அரிவாள் செல்காரர்களுக்கும் அபூர்வமாக நடக்கும்.

அரிவாள் செல்லை 1910-ல் முதலில் எழுதிவைத்தவர் சிகாகோ டாக்டர் ஜேம்ஸ் ஹெரிக். நோயாளி, கிரெனடா தீவிலிருந்து பல் மருத்துவம் படிக்கக் கப்பலேறி வந்த மாணவர். (நம்ம ஜாதி!) நம் பக்கத்தில் அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரும் புலம்பெயர்ந்தவர்தான். ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்த யூதர் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்பவரோடு சேர்ந்து, நீலகிரி மலைவாசிகளிடம் இந்தத் தன்மை இருப்பதை 1952-ல் வெளியிட்டார். அதே வருடம் அஸ்ஸாம் தேயிலைத் தொழிலாளர்களிடமும் வேறு இருவர் கண்டுபிடித்தார்கள்.

எனக்கு வயிற்றெரிச்சலான இடம் ஒன்று உண்டு. அடிசன் சொன்ன தோல் கறுப்பு, மாதக்கணக்கில் மெல்ல வருவது. திடீரென்று சுரப்பி அடைபட்டால் அதெல்லாம் தெரியாது. வயிற்றிலோ விலாவிலோ வலி, வாந்தி, காய்ச்சல், ரத்த அழுத்தம் சரிவு, அவ்வளவுதான். அரிவாள் செல்காரருக்கு வலி வழக்கமானது என்பதால், "அதே வலிதான்" என்று ஊசி போட்டு அனுப்பிவிடுவது சுலபம். இரண்டு பக்கமும் கெட்டால் உயிரே போகும். மருந்தோ ஹைட்ரோகார்டிசோன், ரொம்பப் பழைய, மலிவான சரக்கு. உங்கள் வீட்டில் யாருக்காவது ரத்தம் உறையும் கோளாறு இருந்து இப்படி வந்தால், கார்டிசாலும் சோடியமும் பார்த்தீர்களா என்று கூச்சப்படாமல் டாக்டரிடம் கேளுங்கள். சோதனைக்கு ரத்தம் எடுத்தாயிற்று என்றால், முடிவுக்குக் காத்திருக்காமலே மருந்தை ஆரம்பிப்பார்கள்.

2023 ஜூலையில் மத்திய அரசு அரிவாள் செல் சோகையை 2047-க்குள் ஒழிக்க ஒரு திட்டம் தொடங்கியது. லேமனின் கட்டுரை வந்து அதற்குள் 71 வருஷம் ஓடியிருந்தது.