வைஃபை பாதுகாப்பு அமைப்புகள்

ஒரு கம்பியில்லா வலையமைப்பில் யார் இணையலாம், காற்றில் போகும் தரவு எப்படிக் குறியாக்கப்படும் என்பவற்றைத் தீர்மானிப்பவை வைஃபை பாதுகாப்பு அமைப்புகள். ரவுட்டரின் அலை வீட்டுச் சுவரைத் தாண்டித் தெருவரை எட்டும் என்பதால் இவை தேவைப்படுகின்றன. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் தொடர் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடங்கள் முன்பு ஊடகங்களுக்கு வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் குடியிருந்த ஒரு வெளிநாட்டவரின் கடவுச்சொல் இல்லாத வைஃபை வழியே சென்றது. விசாரணை முதலில் அவர் வீட்டு வாசலுக்குத்தான் வந்தது.

1997இல் வந்த முதல் முறையான டபிள்யூஈபி, ஒவ்வொரு தரவுப் பொட்டலத்துக்கும் 24 பிட் எண் ஒன்றைக் குறியாக்கச் சாவியுடன் சேர்த்தது. அதில் சுமார் 1.67 கோடி மதிப்புகளே உண்டு. நெரிசலான வலையமைப்பில் அவை சீக்கிரமே தீர்ந்து, மீண்டும் வரத் தொடங்கும். அந்த எண்ணிலிருந்தே சாவியைக் கறந்துவிடலாம் என்று 2001இல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் மூவரும் காட்டினர். 2003இல் இடைக்காலத் தீர்வாக டபிள்யூபிஏ வந்தது; 2004இல் ஏஈஎஸ் குறியாக்கத்துடன் டபிள்யூபிஏ2, 2018இல் டபிள்யூபிஏ3.

கடைசி இரண்டுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு கடவுச்சொல்லை ஊகிப்பதில் இருக்கிறது. டபிள்யூபிஏ2இல் ஒரு கருவி இணையும் தருணத்தின் உரையாடலைப் பதிவுசெய்துகொண்டு, பிறகு வேறெங்கோ உட்கார்ந்து ஊகங்களைச் சோதிக்கலாம். நம் ஊரில் பலர் பத்து இலக்கச் செல்பேசி எண்ணையே கடவுச்சொல்லாக வைக்கிறார்கள். 6 முதல் 9 வரையிலான இலக்கத்தில் தொடங்கும் எண்கள் மொத்தம் 400 கோடி. வினாடிக்குச் சில லட்சம் ஊகங்களைச் சோதிக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கு அது சில மணி நேர வேலை. டபிள்யூபிஏ3இலோ ஒவ்வொரு ஊகத்தையும் ரவுட்டரிடமே கேட்டாக வேண்டும்.

ஆகவே எல்லாக் கருவிகளும் ஏற்றால் டபிள்யூபிஏ3. பழைய பிரிண்டரோ கேமராவோ இணைய மறுத்தால் டபிள்யூபிஏ2–டபிள்யூபிஏ3 கலப்பு முறை. அதுவும் இல்லாத ரவுட்டரில் ஏஈஎஸ் உடனான டபிள்யூபிஏ2. ரவுட்டர் காட்டும் பட்டியலில் டிகேஐபி என்ற பழைய குறியாக்க முறை தெரிந்தால் அதைத் தொடவே கூடாது. கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்துகள் வரை இருக்கலாம். தொடர்பில்லாத ஐந்தாறு சொற்களைக் கோத்தால் நினைவிலும் நிற்கும், ஊகத்துக்கும் அகப்படாது. டபிள்யூபிஏ2இல் வலையமைப்பின் பெயரும் சாவிக் கணக்கில் சேர்வதால், ரவுட்டருடன் வரும் பொதுப் பெயரை மாற்றுவது நல்லது. பிரபலமான பெயர்களுக்கு முன்கூட்டியே கணக்கிட்ட அட்டவணைகள் புழங்குகின்றன.

பொத்தானை அழுத்தியோ எட்டு இலக்க எண்ணைக் கொடுத்தோ இணையும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிட வேண்டும். அந்த எண் இரு பாதிகளாகத் தனித்தனியே சரிபார்க்கப்படுகிறது. கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு இலக்கம். எனவே அதிகபட்சம் 11,000 முயற்சிகள் போதும் என்று 2011இல் வெளியானது.

வலையமைப்பின் பெயரை மறைத்து வைப்பதும், ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்ணான மேக் முகவரி கொண்டு வடிகட்டுவதும் பலர் நம்பும் பாதுகாப்புகள். இரண்டும் பயனற்றவை. மேக் முகவரி குறியாக்கம் இல்லாமலே காற்றில் செல்கிறது. ஒட்டுக்கேட்பவர் அதைத் தன் கருவிக்குச் சூட்டிக்கொள்ளலாம். இவற்றுக்குச் செலவிடும் நேரத்தில், ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்துக்குரிய ‘அட்மின்’ கடவுச்சொல்லை மாற்றலாம். அது வைஃபை கடவுச்சொல்லிலிருந்து வேறானது. விருந்தினருக்கும் மலிவான ஸ்மார்ட் பல்புகளுக்கும் தனி விருந்தினர் வலையமைப்பைத் திறந்துவிடலாம். மென்பொருள் புதுப்பிப்புகளையும் விட்டுவிடக் கூடாது: 2017இல் டபிள்யூபிஏ2இல் வெளிப்பட்ட ‘கிராக்’ குறைபாடு மென்பொருள் புதுப்பிப்பால்தான் சரிசெய்யப்பட்டது. தயாரிப்பாளர் புதுப்பிப்பை நிறுத்திவிட்ட ரவுட்டரை மாற்றுவதே முறை.