நாற்பதில் ஒருத்தி

நாடுகளின் கல்வியை ஒப்பிடும் ஆய்வுகளில் பெண் பெரும்பாலும் ஒரு விழுக்காடாகத்தான் வந்துபோகிறாள். அந்த எண்ணுக்குப் பின்னால் எந்த வீட்டுப் பெண் இருந்தாள் என்று கேட்க வரலாறு வேண்டியிருக்கிறது. சென்னை மாகாணத்தின் பழைய கணக்கெடுப்பு ஒன்றை வைத்து இதைப் பேசலாம்.

1822இல் ஆளுநர் தாமஸ் மன்றோ, மாகாணத்துப் பள்ளிகளை எண்ணி அனுப்பும்படி கலெக்டர்களுக்கு உத்தரவிட்டார். பிள்ளைகளைச் சாதிவாரியாக, ஆண் பெண் எனப் பிரித்துக் காட்ட வேண்டும். 1826இல் அவர் எழுதிய குறிப்பில் பள்ளிகள் 12,498, மாணவர்கள் 1,88,650. அதில் சிறுவர்கள் 1,84,110, சிறுமிகள் 4,540. நாற்பது பையன்களுக்கு ஒரு பெண்.

நூறாண்டுக்குப் பின் இந்தப் பழைய கல்வி பெரிய வழக்கானது. ஐம்பது, நூறு ஆண்டுகளுக்கு முன்பிருந்ததைவிட இந்தியாவில் எழுத்தறிவு குறைந்துவிட்டது, அந்த அழகிய மரம் பட்டுப்போனது என்று 1931 அக்டோபரில் காந்தி லண்டனில் பேசினார். பிலிப் ஹார்டாக் சான்று கேட்டார். 1983இல் தரம்பால் மன்றோ காலத்து ஆவணங்களை 'அழகிய மரம்' என்றே நூலாக்கி, அன்றைய இங்கிலாந்தைவிட நாம் தாழ்ந்திருக்கவில்லை என்று வாதிட்டார். பெண் கல்வியில் மட்டும் பின்தங்கியிருந்ததாக அவரும் ஒப்புக்கொள்கிறார். அந்த 'மட்டும்' எனக்கு உறுத்துகிறது. மக்கள்தொகையில் பாதி அதற்குள் அடங்கிவிடுகிறது.

அந்தச் சிறுமிகள் யார்? பல மாவட்ட அறிக்கைகளில் அவர்கள் ஆடல் மகளிர், தேவதாசிக் குடும்பத்துப் பிள்ளைகள். குடும்பப் பெண்ணுக்கு எழுத்து தெரிவது இழிவு என்று கருதப்பட்டதை மன்றோவே குறித்திருக்கிறார். இங்கிலாந்தின் ஞாயிறு பள்ளியில் பைபிள் வாசித்த சிறுமிக்குப் படிப்பு மரியாதையைக் கூட்டியது. இங்கே படித்தவளுக்கு அது தொழிலுக்கான பயிற்சி. படிக்காதவளுக்கோ, படிக்காமலிருப்பதே மரியாதை. அட்டவணையில் இருவருமே 'ஒரு மாணவி'. ஒப்பீட்டுக் கல்வியின் முன்னோடி மைக்கேல் சாட்லர், பள்ளிக்குள் இருப்பவற்றைவிட வெளியே இருப்பவையே முக்கியம் என்று 1900இலேயே எச்சரித்திருந்தார். அவர் தேவதாசிகளை நினைத்திருக்க மாட்டார்தான்.

எழுத்தின் மேல் படிந்த அந்தக் கறை சீக்கிரம் போகவில்லை. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமியின் தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபினர். மகள் மன்னர் கல்லூரியில் சேர வந்தபோது எதிர்ப்பு எழுந்தது. பெண் என்பதோடு, இன்ன வீட்டுப் பெண் என்பதும் பேச்சானது. 1912இல் அவர் மருத்துவப் பட்டம் பெற்றார். "பழமைவாதத்தால் பெண் கல்வி தாமதமானது" என்று ஒரே வரியில் எழுதிக் கடக்கும் ஆய்வேடுகளில், யாருக்கு மறுக்கப்பட்டது, யாருக்கு அனுமதிக்கப்பட்டது, அந்த அனுமதிக்கு அவள் என்ன விலை கொடுத்தாள் என்பதெல்லாம் காணாமல் போகின்றன.

அதே கணக்கெடுப்பில் மலபாரும் இருக்கிறது. அங்கே பள்ளி சென்ற முஸ்லிம் சிறுவர்கள் 3,196, சிறுமிகள் 1,122. மூன்று பையன்களுக்கு ஒரு பெண்ணுக்கும் சற்றுக் கூடுதல். அதே மாகாணம், அதே ஆளுநர், அதே படிவம். என்னிடம் கேட்டால், இங்கிலாந்துக்குக் கப்பலேறுமுன் இந்த 1,122 பேரையும் தமிழ் மாவட்டங்களின் தாசிவீட்டுச் சிறுமிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பேன்.